வைஃபை இருக்கும்போதே மொபைல் டேட்டா போகிறது, எப்படி நிறுத்துவது?

நண்பர்களே, ஒரு உதவி. இரவு முழுக்க என் ஆண்ட்ராய்டு போன் வைஃபையில்தான் இருக்கிறது. ஆனாலும் காலையில் பார்த்தால் மொபைல் டேட்டா 300 எம்பிக்கு மேல் போயிருக்கிறது. நான் தூங்கும்போது அதற்கு என்ன அவசர வேலையோ!

பின்னணியில் செயலிகள் டேட்டா செலவழிப்பதைக் கட்டுப்படுத்தும் டேட்டா சேவரை ஆன் செய்தேன். செலவு குறைந்தது, நிற்கவில்லை. டெவலப்பர் ஆப்ஷன்ஸில், மொபைல் டேட்டாவை எப்போதும் விழிப்பிலேயே வைத்திருக்கும் அமைப்பையும் அணைத்துவிட்டேன். பலன் இல்லை. வைஃபை சிக்னல் பலவீனமானால் போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவும் வசதி மேல்தான் இப்போது சந்தேகம். படுக்கையறையில் சிக்னல் ஒரே ஒரு கோடுதான். அந்த அமைப்பு எங்கே இருக்கிறது? வைஃபை பக்கத்தில் தேடித் தேடிப் பார்த்தேன், கண்ணில் படவில்லை.

தினமும் டேட்டாவை அணைத்துவிட்டுப் படு என்று மட்டும் சொல்லாதீர்கள், மறந்துவிடுகிறேன்.

அப்புறம், இரண்டு மூன்று செயலிகளுக்கு மட்டும் மொபைல் டேட்டா கிடைக்கும்படி செய்ய முடியுமா? ரூட் செய்ய, அதாவது போனின் முழுக் கட்டுப்பாட்டையும் திறந்துவிட, பயம். எந்தச் செயலி இணையத்துக்குப் போகலாம் என்று கட்டுப்படுத்தும் ஃபயர்வால் செயலி போடலாம் என்றால், போனில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு விபிஎன்தான் ஓடும், அந்த இடத்தை அது பிடித்துக்கொள்ளும். அலுவலக நெட்வொர்க்கில் பாதுகாப்பாக இணைய எனக்கு அலுவலக விபிஎன்னும் வேண்டும். இரண்டையும் சமாளித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.