நிழல் விழும் பொடக்காளிக்குப் பலகைத் தளமா, கல் தளமா?

சூலூர் வாசி (கேள்வி):
வணக்கமுங்க. மாடி வீடு, உயரம் 22 அடி. வீட்டுக்கு வடக்கே, சமையற்கட்டுக் கதவுக்கு வெளியே 20 அடி நீளம், 12 அடி அகலத்துல பொடக்காளி (கொல்லைப்புறம்) இருக்குது. கரிசல் மண்ணு. மழை பேஞ்சா செருப்பும் சேறும் ஒட்டுக்கா வீட்டுக்குள்ள வருது. வடகிழக்கு மூலைல வேப்பமரம், வடமேற்குல போர்வெல், நடுவுல செப்டிக் டேங்க் சேம்பர் ரெண்டு. பேஸ்மட்டம் தரையில இருந்து 2 அடி. சாயங்காலம் பெரியவங்க சேர் போட்டு உக்கார்ற மாதிரி தளம் வேணும். டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செஞ்சது) பலகை அடிச்சிரலாம்னு ஒருத்தர் சொல்றாரு, கடப்பா கல்லே போதும்னு இன்னொருத்தர். வழுக்கக் கூடாது, அதுதான் முக்கியமுங்க.

கொத்துவேலை கோவை:
வடக்குப் பக்கம்னு சொன்னதுலயே பாதி விடை வந்துருச்சு. நம்ம ஊரு 11 டிகிரி அட்சரேகைல இருக்குது. ஏப்ரல் பிற்பாதியில இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சி வெயில் வடக்கே சாஞ்சு அங்க விழும். ஐப்பசி வந்துட்டா சூரியன் தெக்க போயிரும். டிசம்பர் மத்தியானத்துல 22 அடி வீட்டோட நிழல் 15 அடி நீளும், உங்க 12 அடியும் அதுக்குள்ள அடக்கம். ஆக வடகிழக்குப் பருவமழை பேயற மாசமும் வெயிலே படாத மாசமும் ஒண்ணாத்தான் வருது. அங்க எதைப் போட்டாலும் பாசி புடிக்கும். தேய்ச்சுக் கழுவினா தாங்குமா, தண்ணி நிக்காம ஓடுமாங்கறதை மட்டும் பாருங்க. என் ஓட்டு கல்லுக்குத்தான், ஆனா கடப்பாவுக்கு இல்லை.

கடப்பா சுண்ணாம்புக் கல் வகை. பாலிஷ் முகம் ஈரத்துல வழுக்கும். ஆசிட் பட்டா வெளுத்து அரிச்சிரும், ஆசிட் ஊத்திக் கழுவற பழக்கம் நம்ம ஊர்ல எந்த வீட்டுல இல்லை? 40 மி.மீ. கருங்கல், மேல் முகம் ஃபிளேம்டு பண்ணினது (தீயில சுட்டு சொரசொரப்பாக்கினது), 2 அடிக்கு 1 அடி அளவுல வாங்குங்க. ஒரு கல் சுமார் 20 கிலோ, ஒரு ஆளே எடுத்து வைக்கலாம். 240 சதுர அடிக்கு 120 கல், உடைசலுக்கு 6 சேர்த்துக்குங்க.

கரிசல் மண்ணு ஈரத்துல ஊதும், காய்ஞ்சா வெடிக்கும். அதும் மேல நேரா மணலைக் கொட்டிக் கல் போட்டா ரெண்டே வருசத்துல அலை அலையா நிக்கும். முடிஞ்ச மட்டத்துக்குக் கீழ 13 அங்குலம் தோண்டுங்க. அடியில கிராவல் 6 அங்குலம், அதும் மேல வெட் மிக்ஸ் (ஜல்லியும் தூளும் தண்ணி விட்டுக் கலந்தது) 4, பிறகு கல்லுக்குப் படுகையா 6 மி.மீ. சிப்ஸ் (பொடி ஜல்லி) ஒன்றரை, கல் ஒன்றரை. திமுசு போட்டு இறுகறதையும் கணக்குல எடுத்தா கிராவல் ஒன்றரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), வெட் மிக்ஸ் ஒரு யூனிட், சிப்ஸ் 30 கன அடிக்குக் கொஞ்சம் மேல வரும். கிராவலை மூணு மூணு அங்குலமாப் போட்டு, லேசா நனைச்சு, மிசின் திமுசுல இறுக்கணும். ஆறையும் ஒரே மூச்சுல கொட்டி மேல மட்டும் ஓட்டினா அடி பொதபொதன்னே கிடக்கும்.

படுகைக்குக் கிரஷர் டஸ்ட் வேண்டவே வேண்டாம். விலை கம்மின்னு அதைத்தான் கொட்டுவாங்க. அது தண்ணியைப் புடிச்சு வெச்சுக்கும், நிழல்ல காயவே காயாது, கல் இடுக்குல பாசி அங்கிருந்துதான் ஏறும். இடுக்கு 6 முதல் 8 மி.மீ. விட்டு, தூள் சலிச்ச பருமணலை நிரப்புங்க.

வாட்டம் (சரிவு) 60க்கு 1. 12 அடிக்குக் கணக்குப் போட்டா வீட்டுச் சுவத்துல இருந்து காம்பவுண்டு பக்கம் கிட்டத்தட்ட இரண்டரை அங்குலம் இறங்கணும். கல்லுக்கு மட்டும் வாட்டம் குடுத்தாப் பத்தாது, வெட் மிக்ஸ் மட்டத்துக்கும் அதே வாட்டம் வேணும். இடுக்கு வழியா இறங்கற தண்ணி அதும் மேலதான் ஓடிப் போய் ஓரக் காவாயில விழணும். அஸ்திவாரத்தை ஒட்டித் தண்ணி இறங்குனா கரிசல் ஊதி சுவத்துல விரிசல் விடும். ஓரக் கல்லைக் கான்கிரீட்டுல பதிங்க, ஆனா மூணடிக்கு ஒரு தண்ணி ஓட்டை விட மறந்துடாதீங்க.

பலகைவேலை ஈரோடு:
கல்லுன்னதும் பலகையை ஓரங்கட்டிட்டாரு. பேஸ்மட்டம் 2 அடி உயரம்னு இருக்குதே, அதைக் கவனிக்கலை. கல் தளம் தரை மட்டத்துல இருக்கும், பெரியவங்க ஒவ்வொரு தடவையும் மூணு நாலு படி ஏறி இறங்கணும். பலகைன்னா கதவு மட்டத்துக்கு ஒன்றரை அங்குலம் கீழயே நிறுத்திரலாம், அடியில காத்தும் நல்லா போகும்.

ஆனா முழு 240 சதுர அடிக்கும் அடிச்சா செலவு எகிறும். பாருங்க: 145 மி.மீ. பலகையை 5 மி.மீ. இடைவெளியில அடிச்சா 25 வரிசை, மொத்தம் 500 ஓட்ட அடி. அதுக்கு அடியில 2க்கு 1 அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) குழாய், 2 மி.மீ. கனம், ஓரடிக்கு ஒண்ணுன்னு 21 எண்ணம். அதைத் தாங்க மூணடிக்கு ஒரு நீள வரிசை, 5 வரிசைக்கும் நாலடிக்கு ஒண்ணா 30 கான்கிரீட் கால். டபிள்யூ.பி.சி.க்கு ஓரடிக்கு மேல இடைவெளி விட்டீங்கன்னா பலகை தொங்கும், சேர் கால் அமுக்கற இடம் முதல்ல தெரியும். உள்ள பொந்து இருக்கற பலகையை விட்டுட்டு கெட்டிப் பலகையா வாங்குங்க. முனைக்கு 6, சுவத்தோரம் 10 மி.மீ. விடணும், வெயில் காலத்துல நீளும். வெல்டிங் வெச்ச இடத்துல ஜிங்க் பெயிண்டு அடிக்காம விட்டா துரு அங்கதான் ஆரம்பிக்கும்.

தேக்குன்னாலும் வைரம் (மரத்தோட உள் கட்டை) மட்டும் எடுங்க. வெளிறு (வெளிப்பக்கக் கட்டை) இருக்கற பலகையைக் கரையான் விடாது. போர் இருக்கறதால மண்ணுல கரையான் மருந்து ஊத்தற யோசனையே வேண்டாம்.

பசுந்தளிர் பொள்ளாச்சி:
டபிள்யூ.பி.சி. உளுக்காதுங்கறது சரி. பாசி புடிக்காதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. வேப்பம்பூவும் பழமும் விழுந்து வரிக்கோட்டுல ஊறினா கருப்பா பூஞ்சை ஏறும். பலகை அடியில சருகு சேர்ந்தா எலி வரும், எலி வந்தா பின்னாடியே பாம்பு வரும். சுத்தியும் அரை அங்குல வெல்டு மெஷ் (கம்பி வலை) அடிங்க.

வேப்பமரத்தைச் சுத்தி அஞ்சடிக்குள்ள 13 அங்குலம் தோண்டாதீங்க, பெரிய வேர் அறுந்தா காத்துல சாயும். அந்த மூலையை மண்ணாவே விட்டுருங்க.

பாசிக்கு 15 லிட்டர் பக்கெட்டுக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைச்சு, தெளிஞ்ச தண்ணியை ஊத்தி, கால் மணி நேரம் கழிச்சு நார் பிரஷ்ல தேய்ச்சுக் கழுவுங்க. அந்தத் தண்ணி செடி வேருக்குப் போகக் கூடாது. ஆசிட்டோட பிளீச்சிங்கைச் சேர்த்தா விஷவாயு வரும், ரெண்டையும் ஒரே நாள்ல எடுக்கவே வேண்டாம்.

சூலூர் வாசி:
நெம்ப நன்றிங்க. அப்ப கதவை ஒட்டி மட்டும் 8 அடிக்கு 6 அடி பலகை மேடை, மீதி கருங்கல்னு வெச்சுக்கறேன். சேம்பரையும் போரையும் என்ன பண்றது?

கொத்துவேலை கோவை:
அந்தக் கலவை நல்லாருக்கும். மேடைக்குக் கைப்பிடி வைங்க, படி அரையடி உயரத்துக்கு மேல போகக் கூடாது. மேடையோட கான்கிரீட் காலும் கிராவல் மேலதான் நிக்கணும், கரிசல் மேல வெச்சா ஒரு பக்கம் தூக்கிரும். சேம்பர் மேல கல்லை ஒட்டவே கூடாது. இரும்புச் சட்டம் போட்ட மூடிக்குள்ள அதே கல்லைப் பதிச்சு, தூக்க ரெண்டு கொக்கி விடுங்க. மேடைக்கு அடியில சேம்பர் வந்தா மேடையை நகர்த்துங்க. போர்வெல் கேசிங் குழாய் தளத்துக்கு மேல ஒரு அடி நிக்கட்டும், இல்லாட்டி கழுவற தண்ணி உள்ள போகும். அதைச் சுத்தி நாலடிக்குக் கல்லை சிப்ஸ் மேலயே உக்கார வெச்சிருங்க, சிமெண்டு வேண்டாம். மோட்டாரைத் தூக்கறப்ப கல்லை எடுத்து ஓரமா அடுக்கிட்டு, வேலை முடிஞ்சதும் திரும்ப வெச்சுக்கலாம்.