பூசான்ல படம் பார்க்க வழி சொல்லுங்க மக்களே

வணக்கம். தென் கொரியாவுல பூசானுக்கு வேலைக்கு வந்து நாலு மாசமாச்சு. ஹேஉண்டே பக்கம் வீடு.

ஹாலிவுட் படம்னா தப்பிச்சுக்கலாம், இங்கிலீஷ்லயே ஓடும், கீழே கொரிய எழுத்து. போன வாரம் ஒரு கார்ட்டூன் படத்துலதான் மாட்டினேன். டிக்கெட்ல ‘தோபிங்’னு இருந்ததைக் கவனிக்கல. அது டப்பிங்காம்! ‘ஜமாக்’னு போட்டிருந்தாதான் சப்டைட்டில். பக்கத்து சீட்டுக் குழந்தை சிரிச்சப்பல்லாம் நானும் சிரிச்சு வெச்சேன்.

இப்ப கொரியப் படமே பார்க்கணும்னு ஆசை. இங்கிலீஷ் சப்டைட்டிலோட அடிக்கடி போடுற தியேட்டர் பூசான்ல எது? திரைப்பட விழா வந்தா சென்டம் சிட்டி சினிமா சென்டர்ல பார்த்துக்கலாம், அதுவரைக்கும்?

இன்னொண்ணு, தியேட்டர் ஆப்ல டிக்கெட் போட முடியல. போன் நம்பர் சரிபார்ப்புல பேர் பொருந்தலைன்னே வருது. நமக்கு ஏது குடும்பப் பேர்? வெளிநாட்டவர் கார்டுல அப்பா பேர் முன்னாடி, என் பேர் பின்னாடி. எல்லா வரிசையிலயும் போட்டுப் பார்த்துட்டேன். யாருக்காவது சரியாச்சா? இடைவெளி விட்டா, விடாமலா?

தியேட்டர் மெஷின்ல எடுக்கலாம்தான். பின்னாடி பத்துப் பேர் நிக்கறப்போ கை நடுங்குதுப்பா.