17 வருஷமா நஷ்டத்துல கிடக்கிற 400 ஷேர்: இந்த மார்ச்சுல வித்துடலாமா?

முலுண்ட்வாசி:
வணக்கம். 2007 டிசம்பர்ல ஒரு உள்கட்டமைப்பு கம்பெனி ஷேர் 200, ஒண்ணு 400 ரூபாய்னு வாங்கினேன். மும்பை ஃபோர்ட்ல எங்க ஆபீஸ் கேன்டீன்ல அப்ப அதே பேச்சுதான். கைக்கு வந்த போனஸ் 80,000 மொத்தமும் போட்டேன். அடுத்த மாசமே சந்தை விழுந்துச்சு. 2010ல ஆவரேஜ் பண்ணலாம்னு, அதாவது சராசரி விலையைக் குறைக்கலாம்னு, 170க்கு இன்னொரு 200. ஆக 1,14,000. நேத்து விலை 38.

விக்காத வரைக்கும் நஷ்டம் இல்லைன்னு இத்தனை வருஷம் மனசைத் தேத்திக்கிட்டேன். போன மாசம் பொண்ணோட காலேஜ் ஃபீசுக்காக ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டை எடுத்தேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி போட்டது, லாபம் மட்டும் 2,10,000. அதைப் பார்த்ததுல இருந்து இந்த ஷேர் உறுத்திக்கிட்டே இருக்கு. அந்த 80,000 அன்னைக்கு எங்க வீட்டுக்குப் பத்து மாச வாடகை. இப்ப எல்லாத்தையும் வித்தாலும் 15,200தான் தேறும். என்ன செய்யலாம்?

செம்பூர் பெரியவர்:
தம்பி, 2020 மார்ச் 23 அன்னைக்கு மும்பை பங்குச்சந்தைக் குறியீடு சென்செக்ஸ் ஒரே நாள்ல 3,900 புள்ளிக்கு மேல விழுந்தப்ப பயந்துபோய் ஒரு நல்ல பேங்க் ஷேரை வித்தேன். தப்பு. அன்னைக்கு எல்லாமே விழுந்துச்சு, எல்லாத்தோடவும் சேர்ந்து அதுவும் எழுந்துச்சு. உங்க கதை வேற. 2008 ஜனவரியில சென்செக்ஸ் 21,000. இன்னைக்கு 70,000க்கு மேல. ஊரே ஏறினப்ப இது மட்டும் இறங்கியிருக்கு. 38ல இருந்து நீங்க வாங்கின சராசரி விலை 285க்குப் போகணும்னா ஏழரை மடங்கு. வருஷம் 12 சதவீதம் தவறாம ஏறினாலும் கிட்டத்தட்ட 18 வருஷம் ஆகும். உங்க பொண்ணுக்கு அப்ப என்ன வயசுன்னு நினைச்சுப் பாருங்க.

தாராவி செல்வி:
அண்ணா, பிஎஸ்இ (மும்பை பங்குச்சந்தை) தளத்துல அந்தக் கம்பெனியோட பங்குதாரர் விவரத்தைத் திறந்து, புரொமோட்டர், அதாவது கம்பெனியை நடத்துற முதலாளிங்க, எவ்வளவு ஷேரைக் கடனுக்கு அடகு வச்சிருக்காங்கன்னு முதல்ல பாருங்க. நிறைய இருந்தா நல்ல அறிகுறி இல்ல. மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடுறாங்க.

மாதுங்கா கணக்கர்:
சார், வரியைப் பார்க்காம முடிவு எடுக்காதீங்க. ஃபண்டு லாபம் 2,10,000ல 1,25,000 வரைக்கும் வரி இல்ல. மிச்சம் 85,000க்கு 12.5 சதவீதம், அதாவது 10,625. செஸ்ங்கிற கூடுதல் வரி தனி. ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருந்த ஷேர்ல வர்ற நீண்டகால நஷ்டத்தை இந்த லாபத்துல கழிக்கலாம். சம்பளத்துல கழிக்க முடியாது.

400ஐயும் விக்க வேண்டாம். டீமேட்ல (ஷேரை மின்னணு வடிவத்துல வைக்கிற கணக்கு) முதல்ல வாங்கினதுதான் முதல்ல போகும். 400 ரூபாய் ஷேர் 200க்கும் நஷ்டம் 72,400. அதோட 170 ரூபாய் ஷேர்ல 100 சேர்த்தா இன்னொரு 13,200. மொத்தம் 85,600. லாபம் 1,24,400 ஆயிடும், வரி பூஜ்யம். அதுக்கு மேல விக்கிற ஒவ்வொரு ஷேரோட நஷ்டமும் ஏற்கெனவே வரியில்லாத பணத்துலதான் கழியும், வீண். நிதியாண்டு முடியிற மார்ச் 31க்குள்ள முடிச்சுடுங்க, கடைசி நாள் வரைக்கும் இழுக்காதீங்க. மனசு கேக்கலைன்னு வித்த அன்னைக்கே திரும்ப வாங்கினா அது ஒரே நாள் வியாபாரம்ங்கிற இன்ட்ராடே கணக்குல போயிடும், இந்த நஷ்டம் கிடைக்காது.

முலுண்ட்வாசி:
செல்வி சொன்ன பக்கத்தைப் பார்த்தேன். புரொமோட்டர் ஷேர்ல முக்கால்வாசிக்கு மேல அடகுல இருக்கு. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நான் திறக்காத பக்கம் அது.

கணக்கர் சார், நீங்க போட்டதை ஒரு தாள்ல எழுதி வீட்டுக்காரம்மாகிட்ட காட்டினேன். "15,200க்கா இவ்வளவு நாள் யோசிச்சீங்க, 10,000 வரி மிச்சமாகுதே"ன்னாங்க. இன்னைக்குக் காலையில வண்டி காட்கோபர் தாண்டினப்ப சந்தை திறந்துச்சு. 300 ஷேர் 37.90க்குப் போச்சு. குர்லா வரும்போது மெசேஜ் வந்துடுச்சு. 11,370ல புரோக்கர் செலவு போக வர்றது பொண்ணோட ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு. மிச்சம் 100ஐ அடுத்த தடவை ஃபண்டுல லாபம் எடுக்கிற வருஷம் விக்கிறதா இருக்கேன். செம்பூர் ஐயா, நீங்க கேட்டீங்களே, 18 வருஷம் கழிச்சு அவளுக்கு 37 வயசு.