1918 ராஜா தலை பவுன் காசு, உருக்கும் விலைக்குக் கொடுத்துவிடலாமா?

செட்டிநாட்டான் கேட்டது:
எல்லோருக்கும் வணக்கம். அப்பத்தாவின் நகைகளைப் பாகம் பிரித்ததில் எங்கள் பங்குக்கு இரண்டு பவுன் காசு வந்தது. ஒரு பக்கம் தாடி வைத்த ராஜா தலை, மறுபக்கம் குதிரையில் ஒருவன், காலடியில் பாம்பு மாதிரி எதுவோ, கீழே 1918. நகைக்கடைப் பெரியவர் உரைகல்லை எடுத்துவிட்டார், நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். மெஷினில் வைத்துப் பார்த்து 22 கேரட் சரியாக இருக்கிறது, பழைய தங்கக் கணக்கில் கழிவு போக எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். தங்கச்சி வீட்டுக்காரரோ நெட்டில் பார்த்துவிட்டு, 1918 காசு இந்தியாவில் அடித்தது, ரொம்ப அபூர்வம், பல லட்சம் போகும், விட்டுடாதீங்க மச்சான் என்கிறார். யாரை நம்புவது? ஒரு காசு லேசாகச் சிவந்திருக்கிறது, புளி போட்டுத் தேய்த்தால் விலை ஏறுமா?

காசுப்பித்தன்:
முதலில் புளியைக் கீழே வையுங்கள் சார். தேய்த்தால் மேல்பரப்பில் மயிரிழைக் கீறல் விழும், சேகரிப்பவர் லென்ஸ் வைத்ததும் அதைத்தான் பார்ப்பார். அந்தச் சிவப்பு அழுக்கில்லை, பன்னிரண்டில் ஒரு பங்கு செம்பு, மீதி பதினொரு பங்கு தங்கம், அதுதான் சவரனின் நிறமே.

1918 என்பதாலேயே மும்பையில் அடித்தது என்று ஆகாது. தேதிக்கு மேலே குதிரை நிற்கும் தரைக்கோடு இருக்கிறதே, அதன் நடுவில் பொடியாக ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ஐ என்றால் மும்பை, எம் மெல்பர்ன், பி பெர்த், எஸ் சிட்னி, சி ஒட்டாவா. முதல் உலகப் போர் நேரத்தில் தங்கத்தைக் கப்பலில் லண்டனுக்கு அனுப்பி அடித்து வாங்குவது ஆபத்து என்று லண்டன் நாணயச் சாலையின் கிளையை மும்பையிலேயே திறந்தார்கள், 1919இல் மூடியும் விட்டார்கள். அதனால் பழைய சவரன்களில் ஐ எழுத்து 1918 தவிர வேறு வருஷத்தில் கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த ஒரே வருஷத்தில் கிட்டத்தட்ட 13 லட்சம் காசு அடித்திருக்கிறார்கள்! உங்கள் மச்சினர் சொல்வது போலப் பல லட்சம் போகாது. சாதாரண நிலையில் இருந்தால் தங்க விலைக்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான்.

அபூர்வம் என்றால் அடித்த கணக்கை மட்டும் பார்த்தால் போதாது, எத்தனை மிஞ்சியது என்றும் பார்க்க வேண்டும். லண்டனில் 1917இல் அடித்ததும் 10 லட்சத்துக்கு மேல்தான், பெரும்பாலும் உருக்குப் பானைக்குப் போய்விட்டதால் இன்றைக்கு அது கைக்குக் கிடைப்பதே கஷ்டம். ஒட்டாவாவின் 1908 காசு பிறந்ததே 636தான், அது வேறு ஜாதி. மும்பைக் கிளை தயாராவதற்கு முன்னால் இதே எடையில் 15 ரூபாய்த் தங்கக் காசு ஒன்று அடித்தார்கள் (ஒரு சவரன் 15 ரூபாய் என்பது 1899 முதல் சட்டக் கணக்கு), வீட்டில் அது இருக்கிறதா என்றும் பாருங்கள், சேகரிப்பவர்கள் அதற்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தருவார்கள்.

அப்புறம், அது பாம்பு இல்லை, டிராகன். செயின்ட் ஜார்ஜ் கதை, இத்தாலியச் சிற்பி பிஸ்ட்ரூச்சி 1817க்கு வடித்தது. ராஜா கழுத்து வெட்டில் பி.எம். என்று எழும்பி நிற்கும், மெக்கென்னல் என்ற ஆஸ்திரேலியச் சிற்பியின் முதலெழுத்து. அந்த இரண்டு எழுத்தும் கூர்மையாகத் தெரிந்தால் காசு அதிகம் தேயவில்லை என்று பொருள்.

பட்டறை_மதுரை:
தம்பி, விளிம்பைச் சுற்றிப் பாருங்க, பற்றவைத்த தடம் இருக்கிறதா? நம் பக்கம் பாதிக் காசு காசுமாலையில் வளையம் வைத்துத் தொங்கியவைதான். வளையத்தை எடுத்து அரம் போட்டாலும் அந்த இடத்தில் வரிவரியான விளிம்பு மழுங்கியிருக்கும். அப்படி இருந்தால் சேகரிப்பு விலையை மறந்துவிட்டு எடைக்குக் கொடுங்க, வேறு வழியில்லை.

போலியும் உண்டு. அச்சுப்பிடித்து வார்த்ததில் ஊசிக்குத்து மாதிரிப் புள்ளிகள் தெரியும், எழுத்து வழுவழு என்று இருக்கும். மெஷின் 22 கேரட் காட்டியதால் மட்டும் அசல் என்று ஆகாது, நல்ல தங்கத்திலேயே போலி அடித்திருக்கிறார்கள். அசல் எடை 7.98 கிராம், குறுக்களவு 22 மி.மீ. தேய்ந்தாலும் 7.94க்குக் கீழே போனால் செல்லாது என்று அந்தக் காலத்திலேயே சட்டம் இருந்தது.

கணக்குப்புலி:
எனக்கு இந்த அழகு, அபூர்வம் எல்லாம் பிடிபடுவதில்லை. தங்கம் விற்கும் விலையில் கொஞ்சம் கூடுதலுக்காக ஆள் தேடி அலைவானேன்? ஆனால் கழிவு என்று பிடிக்க விடாதீர்கள். காசில் கல்லும் இல்லை, அரக்கும் இல்லை, எதற்குக் கழிவு? எடையை 22 கேரட் கிராம் விலையால் பெருக்கினால் வருவதுதான் தொகை. இன்னொரு கடையில் கேளுங்கள்.

செட்டிநாட்டான்:
பேரனின் லென்ஸில் பார்த்தேன். சிவந்த காசில் ஐ, 7.98 கிராம், கழுத்தில் பி.எம். பளிச்சென்று தெரிகிறது. மற்றதில் எம், 7.95, மேல் விளிம்பில் ஓர் இடம் மொழுக்கென்று இருக்கிறது, பட்டறை அண்ணன் சொன்ன வளையம்தான் போல. லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் மூலம் ஐ காசை அங்கே விற்கலாமா?

காசுப்பித்தன்:
கூடாது. நூறு வருஷம் தாண்டிய காசு 1972 சட்டப்படி தொல்பொருள், அனுமதியில்லாமல் நாட்டை விட்டு வெளியே அனுப்பினால் குற்றம். இங்கேயே நாணயச் சங்கக் கண்காட்சிகளில் காட்டுங்கள், ஏலத்துக்குப் போனால் கமிஷனைக் கழித்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று முதலிலேயே கேளுங்கள். பணம் தேவை என்றால் மெல்பர்ன் காசை எடைக்குப் போடுங்கள். மும்பைக் காசை நானாக இருந்தால் வைத்துக்கொள்வேன், ஆனால் கணக்குப்புலி திட்டுவார்.