தம்பியின் பசியும் ஒலான்ஸபினும்

பள்ளத்தூர்க்காரி:

என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்று தெரிந்தபோது வயது 24, எடை 56 கிலோ. சோற்றில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்ற பயத்தில் மாதக்கணக்கில் ஒழுங்காகச் சாப்பிடாமல் இருந்தவன். அதற்கான ஒலான்ஸபின் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் அந்தப் பயம் போய், அவனே தட்டை நீட்டிச் சோறு கேட்டான். ஆத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. காலையில் குழிப்பணியாரம், சாயங்காலம் கந்தரப்பம் என்று செய்துகொண்டே இருந்தார்கள், நாங்களும் பிள்ளை தேறிவிட்டான் என்று சந்தோஷப்பட்டோம். 14 மாதத்தில் 79 கிலோ.

ஒரு நாள் நடுராத்திரி வீட்டின் இரண்டாங்கட்டில் சத்தம் கேட்டுப் போனால், கல்யாணத்துக்குச் சுட்டு வைத்த தேன்குழல் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கோபத்தில் என்னென்னவோ சொல்லிவிட்டேன். "வயிறு நெறைஞ்சிருச்சு ஆச்சி, பசிதான் நிக்க மாட்டேங்குது" என்றான். இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறவில்லை. மூளையில் ஹிஸ்டமினும் செரட்டோனினும் வேலை செய்யும் சில இடங்களை இந்த மருந்து அடைத்துவிடுவதால் 'போதும்' என்ற உணர்வே சரியாக வராது, இதை முதல் நாளே யாராவது எங்களிடம் சொல்லியிருக்கலாம். அந்த 14 மாதமும் மருந்து எழுதிக் கொடுத்த இடத்தில் ஒரு தடவைகூட எடையோ சர்க்கரையோ பார்க்கவில்லை.

அப்புறம் முன்னோருக்குப் படையல் போடும் ஒரு படைப்பு வீட்டில் பங்காளி ஒருவர் எல்லார் முன்னாலும் அவன் வயிற்றைத் தட்டிப் பேச, இவன் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டான். மூன்றாவது வாரம் அவன் காதில் மட்டும் கேட்கும் பழைய குரல்கள் திரும்பிவிட்டன. எடை கூடுகிறது என்று மருந்தை நாமாக நிறுத்தவே கூடாது, தயவுசெய்து.

இப்போது பார்க்கும் டாக்டரம்மா முதல் வேலையாக டேப் வைத்து இடுப்பை அளந்தார், 101 செ.மீ. நம் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 118, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்தார், ஒலான்ஸபினிலிருந்து மெல்ல மெல்ல அரிப்பிப்ரசோல் என்ற வேறு மனநல மருந்துக்கு மாற்றினார். காலையில் மாத்திரை அசதியில் அவனால் எழ முடியாது, அதனால் சாயங்காலம் இரண்டு பேரும் ஊரணியைச் சுற்றி நடக்கிறோம். 8 கிலோ குறைந்திருக்கிறது.

தேவகோட்டையிலிருந்து:

ஆச்சி, எங்கள் சின்னம்மாவுக்கு பைபோலார் (மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்), 20 வருஷமாக மருந்து. போன வருஷம் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று காட்டப் போனோம். ஃபைலில் மனநல மருந்துகளைப் பார்த்ததும் பதற்றம்தான் என்று அனுப்பிவிட்டார்கள். வேறு இடத்தில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்த பிறகுதான் இதயக் கோளாறு தெரிந்தது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருஷம் முன்னாலேயே இறந்துபோகிறார்கள், அதில் பெரும்பங்கு இதயம், சர்க்கரை மாதிரியான உடல் நோய்களால் என்று அங்கேதான் கேள்விப்பட்டேன். தம்பிக்கு மெட்ஃபார்மின் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா?

பள்ளத்தூர்க்காரி:

முதல் இரண்டு வாரம் வயிற்றுப்போக்கு இருந்தது. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள், அளவையும் மெல்லத்தான் கூட்டினார்கள், சரியாகிவிட்டது. தொடங்கும் முன் கிட்னிக்கு ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள், சின்னம்மாவுக்கும் அதைக் கொடுப்பதாக இருந்தால் அவர்களுடைய இதயக் கோளாறையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.