மாடித் தோட்டத்து 12 வோல்ட் பம்ப்

செல்வி (காலை 7:10): மாமா, மாடி பம்ப் இரண்டு நாளாக முக்குகிறது. தண்ணீர் கத்தரித் தொட்டியோடு நின்றுவிடுகிறது, கடைசி வரிசைத் தக்காளிக்குப் போவதே இல்லை. இலையெல்லாம் தொங்கிவிட்டது, பார்க்கவே பாவமாக இருக்கிறது.

பிரபு: பழசாகிவிட்டது அக்கா. புதிது போட்டுவிடலாம்.

முருகேசன் மாமா: பொறு தம்பி. செல்வி, முதலில் வடிகட்டியைக் கழற்றிக் கழுவு.

செல்வி (7:34): பாசி இருந்தது, பிரஷ் போட்டுக் கழுவினேன். கிளாம்பையும் இறுக்கினேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். மோட்டார் சத்தமே மந்தமாக இருக்கிறது.

மாமா: காற்று இழுத்தால் மோட்டார் வேகமாக ஓடும். மந்தமாக ஓடினால் வோல்ட் போதவில்லை. பேட்டரியில் எவ்வளவு?

செல்வி: 12.7. ஃபுல் சார்ஜ்.

மாமா: சும்மா இருக்கும்போது பார்த்தால் அப்படித்தான் காட்டும். பம்ப்பை ஓடவிட்டு, பேட்டரி முனையில் ஒரு தடவை, பம்ப் முனையில் ஒரு தடவை மீட்டரை வை.

செல்வி (7:52): பேட்டரியில் 12.3. பம்ப்பில் 9.4!

மாமா: மிச்சம் ஒயரிலேயே போகிறது. ஒயரை ஏதாவது மாற்றினாயா?

செல்வி: இல்லையே மாமா.

அம்மா: மழை வருகிறதென்று வியாழக்கிழமை பேட்டரியைப் படிக்கட்டுக்கு அடியில் வைத்தோமே கண்ணு. பழைய ஸ்பீக்கர் ஒயரை முறுக்கி நீட்டினாயே.

செல்வி: ஐயோ, ஆமாம். பத்து மீட்டர் இருக்கும்.

மாமா: போக 10, வர 10, மொத்தம் 20 மீட்டர். அரை ஸ்கொயர் ஒயர், அதாவது செம்பின் குறுக்குவெட்டு அரை சதுர மில்லிமீட்டர் என்றால், அதன் மின்தடையே முக்கால் ஓம் கிட்ட வரும். பம்ப் 4 ஆம்பியர் இழுத்தால் 3 வோல்ட் போச்சு. வீட்டு 230 வோல்ட்டில் 3 போனால் தெரியவே தெரியாது. 12-இல் 3 என்றால் கால்வாசி! முறுக்கிய இடம் சுடுகிறதா பார்.

செல்வி: சுடுகிறது மாமா. நிறுத்திவிட்டு டேப்பைப் பிரித்தேன். செம்பு கறுத்துப்போய், பாதி இழை அறுந்தே கிடக்கிறது.

மாமா: பேட்டரியைப் பழையபடி மாடிக்கே ஏற்றிவிடு. கீழேதான் இருக்க வேண்டுமென்றால் இரண்டரை ஸ்கொயர் ஒயர் இழு, அரை வோல்ட்தான் குறையும். முறுக்கி டேப் ஒட்டாதே, கனெக்டர் போடு. பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்.

பிரபு: நான் வந்து தூக்கி வைக்கிறேன் அக்கா. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

செல்வி (9:20): பேட்டரியை மாடியில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் செங்கல் மேல் வைத்து, ஸ்பீக்கர் ஒயரை எடுத்துவிட்டு, முன்பு இருந்த ஒயரையே மாட்டினோம். பம்ப் முனையில் 12.1. கடைசித் தக்காளித் தொட்டி நிறைந்து, அடித்தட்டில் வழிகிறது மாமா!

அம்மா: அந்த ஸ்பீக்கர் ஒயரை முதலில் குப்பையில் போடு. பிரபு, சாப்பிட்டுவிட்டுப் போ.