புதுப்பிப்பு: அந்தச் சோளக்கதிர் ரொட்டித்தட்டு அசல் அல்ல

பழம்பொருள் சந்தையில் வாங்கிய, சோளக்கதிர் வடிவக் குழிகளில் மாவை ஊற்றி ரொட்டி சுடும் வார்ப்பிரும்புத் தட்டின் படங்களைச் சென்ற மாதம் இங்கே இட்டு, அது பென்சில்வேனியாவின் ஈரி நகரில் 1957 வரை இயங்கிய கிரிஸ்வோல்ட் வார்ப்பாலையின் 273ஆம் எண் தட்டுதானா என்று கேட்டிருந்தேன். முதுகில் பெயரும் எண்ணும் இருந்ததால் பலரும் அசல் என்றீர்கள், நானும் நம்பினேன்.

நேற்று, நண்பர் ஒருவரின் வீட்டில் மூன்று தலைமுறையாக இருந்துவரும் அதே எண் தட்டை என்னுடையதன் அருகில் வைத்துப் பார்த்தேன். ஏறத்தாழ 33 செ.மீ. நீளமுள்ள அதைவிட என் தட்டு மூன்று மில்லிமீட்டர் குட்டையாக இருந்தது. உருகிய இரும்பு ஆறும்போது நூற்றில் ஒரு பங்கு சுருங்குவதால், பழைய தட்டையே மணலில் பதித்து வார்க்கும் நகல் சற்றுச் சிறுத்தே வெளிவரும். எழுத்துகளின் மழுங்கலுக்கும் அதுவே காரணம் என்று கருதுகிறேன்.

ஆனால் எனக்கு ஐயத்தை முற்றிலும் தீர்த்தது விரல்தான். அசலின் குழிக்குள் ஒவ்வொரு சோளமணியும் தனித்தனியே வழவழவென்று தட்டுப்படுகிறது. என்னுடையதில் மணிகள் ஒன்றோடொன்று கலந்து, உப்புத்தாளைத் தொடுவதுபோல் சொரசொரக்கிறது. விளிம்பில் அரவைச் சக்கரம் இழுத்த முரட்டுக் கோடுகளும் உள்ளன. துருவை மட்டும் வைத்து வயதைக் கணிக்காதீர்கள். உப்புநீர் பட்டால் புதிய இரும்பும் சில நாள்களில் துருப்பிடித்துவிடும்.

விற்றவர் பணத்தைத் திருப்பித்தர இசைந்தார். தட்டு மீண்டும் அசல் என்ற பெயரில் வேறொருவர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதால் நானே வைத்துக்கொண்டேன். ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் கேட்டால், இரண்டின் அளவுகளையும் தருகிறேன்.